பச்சைச் சுழி

மனிதர்களைப் போலவே சொற்களுக்கும் வாழ்க்கை வரலாறு உண்டு. சில சொற்கள் தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்து செல்கின்றன. சில, நல்ல குடியில் பிறந்து நிலை தாழ்கின்றன. ‘கழகம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பழந்தமிழில் அது சூதாடும் இடத்தையும் குறித்தது. திருவள்ளுவர் சூதுக்கென்றே ஒதுக்கிய 94-ஆம் அதிகாரத்தில் அப்பொருளில் அச்சொல் ஆளப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இன்றோ அது பல்கலைக்கழகமாக உயர்ந்து கல்வியின் இருப்பிடமாகிவிட்டது. இத்தாலிய மொழியின் ‘காசினோ’ என்னும் சொல் இதற்கு எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. ‘காசா’ என்றால் வீடு. ‘காசினோ’ என்றால் சிறு வீடு. நண்பர்கள் கூடிப் பேசி, இசை கேட்டு, இளைப்பாறும் மனையைக் குறித்த அச்சொல், இன்று உலகெங்கும் சூதாட்டக்கூடத்தின் பெயராகிவிட்டது.

வீடு எவ்வாறு சூதாட்டக்கூடமாயிற்று? அக்கூடம் எவ்வாறு இயங்குகிறது? அரசுகள் ஏன் அதற்குக் கதவு திறந்துவிட்டன? இவ்வினாக்களை வரலாற்றின் துணைகொண்டு சற்று ஆராய்வோம்.

முகமூடிகளின் மாளிகை

1638-ஆம் ஆண்டு வெனிசுக் குடியரசு ஒரு புதுமையைச் செய்தது. நகரில் மூலைக்கு மூலை மறைவாக நடந்துவந்த சூதாட்டத்தை ஒழிக்க இயலாது என்று கண்ட ஆட்சியாளர்கள், அதனை ஓரிடத்தில் அடைத்துக் கண்காணிக்க எண்ணினர். புனித மோயீசன் கோவிலை ஒட்டிய பகுதியில் தந்தோலோ குடும்பத்தாரின் மாளிகையில் ‘ரிதோத்தோ’ என்னும் கூடம் அரசின் இசைவோடு திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் அரசின் அனுமதி பெற்று அனைவருக்கும் திறந்துவைக்கப்பட்ட முதல் சூதாட்டக்கூடம் இதுவே என்பர்.

தவக்காலத்திற்கு முந்திய களியாட்டக் காலமே அதன் காலம். ஆட வருவோர் முகமூடி அணிந்து வர வேண்டும். ஆட்டத்தை நடத்தும் வங்கியாளரோ உயர்குடிப் பிறந்தவராக, முகமூடியின்றி அமர்ந்திருக்க வேண்டும். செல்வத்தை இழந்து பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருந்த ஏழைப் பிரபுக்கள் பலருக்கு அங்கே பிழைப்புக் கிடைத்தது. பாசெட்டா, பாரோ முதலிய சீட்டாட்டங்கள் அங்கே நடைபெற்றன. பிரான்செஸ்கோ குவார்தி என்னும் ஓவியர் தீட்டிய அக்கூடத்தின் காட்சி இன்றும் வெனிசின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூட்டமும் பளபளப்பும் நிறைந்த அவ்வோவியத்தில் நம் கண்ணை ஈர்ப்பவை முகமூடிகள். தோற்பவனுடைய முகத்தை ஒருவரும் காண வேண்டியதில்லை என்பதே அவ்வேற்பாட்டின் வசதி.

ஏறத்தாழ 136 ஆண்டுகள் இது நீடித்தது. ஒழிக்க முடியாததை ஒழுங்குபடுத்துவதாகத் தொடங்கிய அரசு, அதன் வருவாய்க்குப் பழகியது. குடும்பங்கள் பல நொடித்தன. இறுதியில் 1774-ஆம் ஆண்டு, ஜார்ஜோ பிசானி என்பவர் முன்மொழிய, பெருமன்றம் பெரும்பான்மை வாக்குகளால் ரிதோத்தோவை மூடியது. எனினும் சூது மடியவில்லை. நகரிலிருந்த சிறு வீடுகளுக்குள், அதாவது காசினோக்களுக்குள், புகுந்துகொண்டது. சொல்லின் வீழ்ச்சிக்கு வழிவகுத்தவற்றுள் இதுவும் ஒன்று எனலாம். ரிதோத்தோவின் கட்டடம் இன்று ஒரு தங்கும் விடுதியின் பகுதியாக உள்ளது. அவ்விடுதியின் பெயரில் ‘மொனாக்கோ’ என்னும் சொல் இருப்பது, நம் கட்டுரையின் பிற்பகுதியை எண்ணும்போது, வியப்பான ஒற்றுமையாகத் தோன்றுகிறது.

நீதியைத் தேடிய கணக்கு

சூதாட்டக்கூடத்தின் உண்மையான அடித்தளம் மாளிகையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அக்கணக்கு பிறந்த வரலாறு நம் சிந்தனைக்கு உரியது. ஏனெனில் அது பேராசையிலிருந்து மட்டும் பிறக்கவில்லை; நீதியைப் பற்றிய ஒரு கேள்வியிலிருந்தும் பிறந்தது.

பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர் கார்தானோ வாழ்நாளெல்லாம் சூதாடியவர். கவறாட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்து பல்லாண்டுகள் கழித்து 1663-இல் அச்சேறியது. ஆடுவோர் அனைவருக்கும் நிலைமை சமமாக இருக்க வேண்டும் என்பதே ஆட்டத்தின் முதற்கொள்கை என்று அவர் அதில் வற்புறுத்துகிறார்.

1654-இல் இக்கேள்வி பிரான்சு நாட்டின் பிளேஸ் பாஸ்கலிடம் வந்தது. அதை எழுப்பியவர் மெரே என்னும் பிரபு. ஒரு கவற்றை நான்கு முறை உருட்டினால் ஒரு முறையேனும் ஆறு விழும் என்று பந்தயம் கட்டுபவன் நீண்ட நாளில் வெல்கிறான், இரண்டு கவறுகளை இருபத்து நான்கு முறை உருட்டி இரட்டை ஆறு விழும் என்று பந்தயம் கட்டுபவன் தோற்கிறான், ஏன்? முதலாவதில் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 51.8, இரண்டாவதில் 49.1. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு பந்தயங்களுக்கிடையே இருக்கும் இந்த மெல்லிய வேறுபாட்டில்தான் பிற்காலத்துச் சூதாட்டக்கூடங்கள் அனைத்தும் குடியிருக்கின்றன.

மெரே கேட்ட மற்றொரு கேள்வி இன்னும் ஆழமானது. இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகின்றனர். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கு 64 காசும் உரியது. ஒருவர் இரண்டு ஆட்டமும் மற்றவர் ஓர் ஆட்டமும் வென்றிருக்கும் நிலையில் ஆட்டம் தடைப்படுகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது நீதி? பாஸ்கல் பியேர் ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு விடை காண்கிறார். அடுத்த ஆட்டத்தில் முன்னிற்பவர் வென்றால் 64-உம் அவருக்கே. தோற்றால் இருவரும் சமநிலையடைவர். அப்போது ஆளுக்கு 32. ஆகவே 32 காசு எப்படியும் அவருடையது. எஞ்சிய 32-இல் இருவருக்கும் சமவாய்ப்பு, பாதி 16. எனவே முன்னிற்பவருக்கு 48, மற்றவருக்கு 16.

நடவாத எதிர்காலத்தை நீதியாகப் பங்கிடும் இந்த வழியே நிகழ்தகவுக் கணிதத்தின் தொடக்கம். இன்று காப்பீடு, மருத்துவ ஆய்வு, வானிலை முன்னறிவிப்பு ஆகிய யாவும் அதற்குக் கடன்பட்டுள்ளன. அதே ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் இரவில்தான் பாஸ்கல் தம் வாழ்வை மாற்றிய இறையனுபவத்தைப் பெற்றார். அதை எழுதிய தாளைச் சட்டையின் உள்மடிப்பில் தைத்து வைத்திருந்தார். 1662-இல் அவர் இறந்த பின்னரே அது கண்டெடுக்கப்பட்டது. பிற்காலத்தில் இறைநம்பிக்கையைப் பற்றி எழுதும்போது பந்தயம் என்னும் உவமையையே அவர் கையாண்டார் என்பதையும் நாம் அறிவோம்.

சூதாட்டச் சக்கரமாகிய ரூலெட்டைக் கண்டுபிடித்தவரும் பாஸ்கலே என்று ஒரு கதை உலவுகிறது. அதன் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது எனலாம். பிரெஞ்சு மொழியில் ‘ரூலெட்’ என்றால் சிறு சக்கரம். உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் வளைகோட்டுக்கும் அக்காலத்தில் அப்பெயர் இருந்தது. அவ்வளைகோட்டைப் பற்றி 1658-இல் பாஸ்கல் எழுதினார். நாம் அறிந்த ஆட்டச் சக்கரம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் புழக்கத்துக்கு வந்தது.

சக்கரமும் சுழியும்

அச்சக்கரத்தை இப்போது கூர்ந்து நோக்குவோம். அதில் 1 முதல் 36 வரை எண்ணிட்ட சிறு அறைகள் உள்ளன. 18 சிவப்பு, 18 கறுப்பு. இவற்றோடு பச்சை நிறத்தில் இன்னும் ஓர் அறை. அதன் எண் சுழி. ஆட்டத்தை நடத்துபவர் சக்கரத்தை ஒரு திசையிலும் சிறு பந்தை எதிர்த்திசையிலும் சுழற்றிவிடுகிறார். பந்து எந்த அறையில் விழுகிறதோ அந்த எண்ணுக்குப் பணயம் வைத்தவருக்குப் பணயத்தைப் போல் 35 மடங்கும், வைத்த பணயமும் கிடைக்கும். ஆக 36 மடங்கு.

இதில் ஏமாற்று எங்கே என்று கேட்கலாம். ஏமாற்றே தேவையில்லை. 37 பேர் 37 அறைகளிலும் ஆளுக்கு ஒரு காசு வைப்பதாகக் கொள்வோம். மேசைக்கு வருவது 37. வென்றவர் பெறுவது 36. ஒரு காசு மேசையிலேயே தங்கிவிடுகிறது. பந்து எங்கே விழுந்தாலும் அந்த ஒரு காசு உறுதி. சிவப்பா கறுப்பா என்று ஆடினாலும் அதே கதைதான்: பார்வைக்குச் சரிபாதி, ஆனால் பச்சைச் சுழி இரண்டுக்கும் எதிரி. கணக்கிட்டால் பணயத்தில் நூற்றுக்கு 2.7 கூடத்தின் பங்கு.

‘இது சிறு தொகைதானே’ என்று எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பங்கு கொண்டுவந்த பணத்தின் மேல் ஒரு முறை மட்டும் விழுவதில்லை. வைக்கும் ஒவ்வொரு பணயத்தின் மேலும் விழுகிறது. 1,000 ரூபாயோடு வந்தவர் முறைக்கு 100 ரூபாயாக 30 முறை ஆடினால், மேசையில் புரண்ட பணயம் 3,000. சராசரி இழப்பு 81. அன்று அவர் வென்றிருக்கலாம். அவர் பக்கத்தில் இருந்தவர் தோற்றிருப்பார். ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது கணக்குத் தவறுவதில்லை. ஆட்டம் பெருகப் பெருக விளைவு உண்மையான விகிதத்தை நெருங்கும் என்னும் விதியை யாக்கோபு பெர்னூலி நிறுவினார். அவருடைய நூல் 1713-இல் வெளிவந்தது. ஆடுபவன் ஒவ்வொரு சுற்றையும் பார்க்கிறான். கூடம் ஆண்டுக் கணக்கைப் பார்க்கிறது. அந்த மாளிகையில் சூதாடாத ஒரே ஆள் அதன் உரிமையாளரே.

பிற ஆட்டங்களிலும் இத்தகைய சுழி ஏதோ ஒரு வடிவில் ஒளிந்திருக்கிறது. பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்தில் 21-ஐத் தாண்டாமல் அதை நெருங்க வேண்டும். ஆடுபவர் முதலில் சீட்டு எடுக்கிறார். 21-ஐத் தாண்டினால் உடனே பணம் போய்விடும். பின்னர்க் கூடத்தின் ஆளும் தாண்டிவிட்டாலும் முன்னே தோற்றவருக்கு ஒன்றும் திரும்பாது. முந்தி ஆடவேண்டியவர் என்பதே அவருடைய சுழி. பக்காரா ஆட்டத்தில் வங்கியாளர் பக்கம் பணயம் வைத்து வென்றால் வழக்கமாக நூற்றுக்கு 5 கழிவு பிடித்துக்கொள்வர். சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் பே என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த மூன்று உருளைப் பொறியின் வழிவந்த காசு இயந்திரங்களில், கூடத்தின் பங்கு எவ்வளவு என்பதை ஆடுபவர் கண்ணால் பார்த்து எண்ணவும் இயலாது. சக்கரத்தின் சுழியாவது கண்ணுக்குத் தெரிந்தது.

பணத்தின் உருவை மாற்றுவதும் இவ்விடங்களின் வழக்கம். வாயிலில் நோட்டுகளைப் பெற்றுக்கொண்டு வண்ண வில்லைகளைத் தருகின்றனர். உழைத்த கூலியின் நினைவு நோட்டில் இருக்கும், வில்லையில் இராது.

பாறையின் மேல் ஓர் அரசு

இக்கணக்கை முழுதும் உணர்ந்தவர் பிரான்சுவா பிளாங். அவரும் அவருடைய இரட்டைச் சகோதரர் லூயியும் போர்தோ நகரில் பங்குச் சந்தையில் ஈடுபட்டிருந்தவர்கள். 1834 முதல் 1836 வரை, கோபுரத்துக்குக் கோபுரம் சைகை காட்டிச் செய்தி அனுப்பிய அக்காலத் தந்தியின் ஊழியருக்குக் கையூட்டுக் கொடுத்து, பாரிசுச் சந்தையின் நிலவரத்தைப் பிறருக்கு முன்னே அறிந்து ஆதாயம் ஈட்டினர். பிறர் ஊகித்து ஆடும் இடத்தில் தாம் மட்டும் உறுதியோடு நிற்பதே அவர்களுடைய முறை.

1837-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு பிரான்சில் சூதாட்டக்கூடங்கள் மூடப்பட்டன. ஆடியவர்களின் ஆசை ஜெர்மானியச் சிற்றரசுகளின் எல்லைக்குள் வழி தேடியது. கடனில் மூழ்கியிருந்த ஹோம்பர்க் சிற்றரசரோடு 1841-இல் பிளாங் சகோதரர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டனர். பாரிசுச் சக்கரத்தில் இரண்டு சுழிகள் இருந்தன. கூடத்தின் பங்கு நூற்றுக்கு 5.26. பிளாங் ஒரு சுழியை நீக்கினார். பங்கு ஏறக்குறையப் பாதியாயிற்று, கூட்டமோ பன்மடங்காயிற்று. மெல்லக் கறக்கும் மாடு நீண்ட நாள் கறக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவரது புகழ் மொனாக்கோவை எட்டியது. அந்நாட்டின் நிலப்பரப்பில் பெரும்பகுதியாகிய மந்தோன், ரொக்புரூன் ஆகிய ஊர்கள் 1848-இல் பிரிந்துபோயின. 1861-இல் 40 இலட்சம் பிராங்குக்கு அவை பிரான்சுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டன. எஞ்சியது ஒரு பாறையும் அதைச் சூழ்ந்த சிறு நிலமுமே. இளவரசர் மூன்றாம் சார்லஸ் அதற்கு முன்பே சூதாட்டக்கூடத்துக்கு அனுமதி அளித்திருந்தார். நடத்தியவர்கள் ஒருவர் பின் ஒருவராக நொடித்தனர். 1863-இல் பிளாங் அவ்வுரிமையை ஐம்பது ஆண்டுகளுக்குப் பெற்றார். சூதாட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்குக் கடல்நீராடற் சங்கம் என்று பெயர். கூடம் அமைந்த குன்றுக்கு 1866-இல் இளவரசரின் பெயரால் மொந்தே கார்லோ என்று பெயர் சூட்டப்பட்டது. 1868-இல் இருப்புப்பாதை வந்தது. 1869-இல் குடிமக்கள் மீதிருந்த நேரடி வரிகள் நீக்கப்பட்டன. 1872-இன் இறுதியில் ஜெர்மானியக் கூடங்கள் மூடப்பட்டபோது, போட்டியும் மறைந்தது.

மொனாக்கோவின் சட்டத்தில் நம் கவனத்துக்குரிய ஒரு விதி உண்டு. அந்நாட்டுக் குடிமக்கள் அங்கே சூதாடக்கூடாது. அத்தடை இன்றும் நீடிக்கிறது. அந்த அரசின் வருவாயில் பெரும்பங்கு இன்று வேறு வழிகளில் வருகிறது. ஆனால் அன்று அயலார் தோற்ற பணம் உள்ளூராரின் வரிச்சுமையை இறக்கியது. தன் பிள்ளைக்கு ஊட்டாத உணவை விருந்தினருக்குப் பரிமாறும் வீட்டைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? அவ்வரசு சூதைத் தீங்கென்று அறிந்தே இருந்தது என்பதற்கு அதன் சட்டமே சாட்சி.

தோற்பவனின் நம்பிக்கை

கணக்கு இவ்வளவு தெளிவாயிருக்க, மனிதன் ஏன் மீண்டும் மீண்டும் மேசைக்குத் திரும்புகிறான்?

1913 ஆகஸ்டு 18-ஆம் நாள் மொந்தே கார்லோவில் ஒரு சக்கரத்தில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. முறை ஏற ஏற மக்கள் சிவப்பின் மேல் பணத்தைக் கொட்டினர். ‘இத்தனை முறை கறுப்பு வந்தாயிற்று, இனிச் சிவப்பின் முறை’ என்பது அவர்களுடைய வாதம். ஆனால் பந்துக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு சுற்றும் புதுச் சுற்றே. உலகம் தமக்கு நீதி செய்யக் கடமைப்பட்டிருக்கிறது என்னும் நல்ல உணர்வே அங்கே கண்மூடித்தனமாகி அவர்களைக் கவிழ்த்தது.

தோற்கும்தோறும் பணயத்தை இரட்டிப்பதும் பழைய உபாயம். ஒரு ரூபாயில் தொடங்கிப் பத்து முறை தொடர்ந்து தோற்றால் 1,023 ரூபாய் போயிருக்கும். பதினோராம் முறை 1,024 வைக்க வேண்டும். வென்றாலும் மிஞ்சுவது ஒரே ரூபாய். மேசைக்கு மேசை உச்சவரம்பு இருப்பதால் அவ்வழியும் அடைபட்டுவிடும். 1891-இல் சார்லஸ் வெல்ஸ் என்னும் ஆங்கிலேயர் மொந்தே கார்லோவில் ‘வங்கியை உடைத்தார்’ என்று உலகமே பேசியது. ஒரு மேசைக்கு ஒதுக்கிய இருப்புத் தீர்ந்தது என்பதே அதன் பொருள். மேசையின் மேல் கறுப்புத் துணி விரித்து, புதுப்பணம் கொண்டுவந்து மறுபடி தொடங்குவர். அச்சடங்கும் அதைத் தொடர்ந்த பேச்சும் கூடத்துக்கு விலையில்லா விளம்பரங்கள். வெல்ஸ் 1893-இல் மோசடிக் குற்றத்துக்காக எட்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

இப்பிணியை உள்ளிருந்து அறிந்தவர் தாஸ்தாயெவ்ஸ்கி. 1865-இல் வீஸ்பாதன் நகரில் கையிலிருந்ததையெல்லாம் தோற்றார். கடன் நெருக்கடியில் ஒரு பதிப்பாளரோடு கொடிய ஒப்பந்தத்தில் சிக்கினார். 1866 நவம்பர் முதல் நாளுக்குள் ஒரு நாவலைத் தராவிட்டால் ஒன்பது ஆண்டுகளுக்கு அவருடைய எழுத்துகளின் உரிமை பறிபோகும். சுருக்கெழுத்தாளராக வந்த அன்னா என்னும் இளம்பெண்ணிடம் 26 நாளில் ‘சூதாடி’ நாவலைச் சொல்லி முடித்தார். மறு ஆண்டு அன்னாவை மணந்தார். நோயைப் பற்றி நாவல் எழுதியதால் நோய் நீங்கிவிடவில்லை. மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. 1871-இல், அதே வீஸ்பாதனில், கடைசி முறையாகத் தோற்று, அதன் பின் இறக்கும்வரை அவர் ஆடவில்லை. பழியாமல் காத்திருந்த ஒரு மனைவியின் பொறுமை அம்மீட்சியில் எவ்வளவு பங்குகொண்டது என்பதை எந்தக் கணிதமும் சொல்லாது.

நாம் எண்ண வேண்டியவை

வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. கடன்பட்ட ஹோம்பர்க், நிலமிழந்த மொனாக்கோ, பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே 1931-இல் சூதாட்டத்தைச் சட்டமாக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலம் என, கருவூலம் வெறுமையாகும்போதெல்லாம் சூதுக்குக் கதவு திறக்கிறது. நம் நாட்டில் கோவா 1992-இல் சட்டத்தைத் திருத்தி விடுதிகளில் காசு இயந்திரங்களுக்கு இடமளித்தது. பின்னர்க் கப்பல்களில் மேசைகளும் வந்தன. 2020-இல் கோவா மக்கள் அக்கூடங்களுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டபோது, மொனாக்கோவின் பழைய விதியே அரபிக்கடலோரத்தில் மறுபிறவி எடுத்தது எனலாம். 2003-இல் தமிழகம் பரிசுச்சீட்டைத் தடை செய்தது. ஆயினும் கைப்பேசி வந்தபின் சூதாட்டக்கூடம் உண்மையிலேயே சிறு வீடாகிவிட்டது. நம் வீடாகவே ஆகிவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற நேர்ந்ததே அதன் பரப்புக்குச் சான்று.

திருச்சபை ஆட்டத்தையே பாவமென்று கூறியதில்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்ததே சீட்டுக் குலுக்கித்தான். 1215-ஆம் ஆண்டு இலாத்தரன் பொதுச்சங்கம் குருக்கள் கவறாடுவதைத் தடுத்தது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு, சூதாட்டம் தன்னிலே நீதிக்கு முரணானதன்று என்கிறது. தனக்கும் தன்னைச் சார்ந்தோர்க்கும் தேவையானதைப் பறிக்கும்போது அது ஏற்கத்தகாததாகிறது என்றும், அதன் மீதுள்ள மோகம் அடிமைத்தனமாகக்கூடும் என்றும் எச்சரிக்கிறது. இத்தெளிவு நமக்குத் தேவை. ஆடுபவனை மட்டும் பழித்துவிட்டு, மேசையை அமைத்தவரையும் அதற்கு வரி பெறுபவரையும் மரியாதையோடு விட்டுவிடும் அறம் அரைகுறை அறமே.

தமிழில் சுழி என்னும் சொல்லுக்குப் பொருள் பல. வெறுமை என்பது ஒன்று. ஆற்றில் இறங்கியவனை அடியில் இழுக்கும் நீர்ச்சுழல் என்பது மற்றொன்று. தலையெழுத்து என்பதும் உண்டு. தோற்றவன் ‘எல்லாம் என் தலைச்சுழி’ என்று நொந்துகொள்கிறான். அது தலையில் இருந்த சுழியன்று. ஒருவர் திட்டமிட்டுச் சக்கரத்தில் செதுக்கிய சுழி. தடைப்பட்ட ஆட்டத்தில் இருவருக்கும் உரியதை உரியபடி பிரித்துக் கொடுக்கப் பாஸ்கல் கண்ட கணக்கு, ஒருவர் பக்கம் மட்டும் என்றும் ஒரு காசு தங்கும்படி திருப்பி வைக்கப்பட்டது. விதியென்று எண்ணித் தலைகுனிந்து வரும் மனிதனுக்கு இந்த உண்மையை எடுத்துக்காட்டி, அவன் வீட்டாரோடு சேர்ந்து அவனுக்குக் கைகொடுப்பது நம் கடமை. எதிர்நீச்சல் அடிக்கும்படி கரையிலிருந்து அறிவுரை கூறுவது போதாது; சுழியில் சிக்கியவனுக்குக் கயிறு வேண்டும்.